காபைட் பற்களுக்குச் சாணை பிடிக்கும்போது எழும் தூசு: பட்டறைக்குள் அதை அடக்குவது எப்படி?

மாங்குளம் தச்சர்

அனைவருக்கும் வணக்கம். எமது பட்டறையில் கதவு, யன்னல், கட்டில், அலுமாரி வேலைகளுக்கு முதிரை, பாலை, வேம்பு, தேக்கு ஆகிய மரங்களையே பெரும்பாலும் அரிகிறோம். முதிரையும் பாலையும் எவ்வளவு இறுகிய மரங்கள் என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காபைட் என்ற மிகக் கடினமான பற்கள் பதித்து, புதிதாகப் பூட்டிய வட்டவாள் அலகுகூட விரைவிலேயே முனை மழுங்கி, மரத்தை அரிவதை விட்டுவிட்டுக் கருக்கத் தொடங்கிவிடும். இதுவரை மழுங்கிய அலகுகளைச் சேர்த்து வைத்து வெளியூருக்கு அனுப்பித் தீட்டுவித்து வந்தோம். போக்குவரத்துச் செலவும் காத்திருப்பும் கட்டுப்படியாகாததால், வைரச் சில்லுப் பூட்டிய சிறிய சாணை இயந்திரம் ஒன்றை வாங்கிப் பட்டறையின் ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். அயலிலுள்ள பட்டறைகளின் அலகுகளையும் எடுத்துத் தீட்டிக் கொடுக்கலாம் என்பது எண்ணம்.

இரும்பு தீட்டும்போது பறக்கும் பொறி இதில் பறப்பதில்லை. ஆனால் சில பற்களைத் தீட்டி முடித்ததும் இயந்திரத்தின் மேசையில் கருஞ்சாம்பல் நிறத்தில் மாவு போன்ற ஒரு பொடி படிந்து கிடக்கிறது. விரலால் தொட்டால் ரேகைகளுக்குள் இறங்கிவிடுகிறது; சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் இலகுவில் போவதில்லை. இயந்திரத்துடன் வந்த கையேட்டில் இந்தத் தூசை உள்ளிழுக்கக் கூடாது என்ற ஒரு வரி மட்டுமே இருக்கிறது. ஏன் என்றோ, என்ன செய்ய வேண்டும் என்றோ இல்லை. இரண்டு இளைஞர்கள் எம்மிடம் வேலை பழகுகிறார்கள். அவர்களை அந்த மூலையில் அமர்த்துவதற்கு முன்னர் இதைச் சரிவர அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பட்டறை 20 அடி நீளம், 16 அடி அகலம், 11 அடி உயரம் கொண்டது. முன்னும் பின்னும் கதவுகள் உண்டு.

நெடுங்கேணி மரக்காலை

வணக்கம் அண்ணை. எங்கள் மரக்காலையிலும் பல காலமாக வாள்களைத் தீட்டி வருகிறோம். இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தால், சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உள்ளே தூசு நிற்பதேயில்லை. மூக்கையும் வாயையும் ஒரு துணியால் கட்டிக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். இங்குள்ள பட்டறைகளில் பெரும்பாலானவை போருக்குப் பின்னர் கடன்பட்டு, தகரத்தையும் தடியையும் வைத்து மீண்டும் எழுப்பப்பட்டவை. பெரிய தொழிற்சாலைகளுக்கு எழுதப்பட்ட விதிகளை அப்படியே எங்கள் தலையில் ஏற்றினால், தொழில் செய்ய நினைப்பவர்களும் பின்வாங்கிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். எனவே ஆலோசனை சொல்பவர்கள் எது இன்றியமையாதது, எது இருந்தால் நல்லது என்பதைப் பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வவுனியா பயிற்றுநர்

இரண்டு பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். நெடுங்கேணி நண்பர் செலவைப் பற்றிக் கூறியது முழுக்க நியாயமானது. கதவைத் திறந்து வைத்தல், துணி கட்டுதல் என்பவற்றைப் பற்றி அவர் கூறியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாம் காபைட் என்று அழைக்கும் அந்தப் பல், ஒரே உலோகத் துண்டு அன்று. டங்ஸ்டன் காபைட்டின் மிகச்சிறு மணிகளைக் கோபால்ட் என்ற உலோகத்தால் பிணைத்துச் சூளையில் இறுக்கிச் செய்யப்படுவது அது. கருவியின் தேவைக்கேற்ப அதில் கோபால்ட்டின் பங்கு நூற்றுக்கு 3 முதல் 25 வரை வேறுபடும். இந்தப் பொருள் 1920களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது; 1940ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு வைத்தியர்கள் அதைத் தயாரித்த தொழிலாளரின் மார்புப் படங்களில் நிழல்களைக் கண்டு எழுதிவிட்டார்கள். கோபால்ட்டும் டங்ஸ்டன் காபைட்டும் சேர்ந்த தூசு, அவை தனித்தனியே செய்வதை விடக் கூடிய கேட்டை நுரையீரலுக்குச் செய்கிறது என்பது பின்னர் ஆய்வுகளில் தெரியவந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2006ஆம் ஆண்டு இந்தக் கலவையை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனப் பெரிதும் கருதப்படும் ‘2ஏ’ வகுப்பில் வைத்தது. மாங்குளம் நண்பரின் கையேட்டிலுள்ள ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அடுத்து, பொறி பறக்காதது பற்றி. இரும்பைத் தீட்டும்போது சூடேறிய இரும்புத் துகள்கள் காற்றில் எரிவதால் பொறி நீண்டு பறக்கிறது. தூசு எந்தப் பக்கம் போகிறது என்பதை அது நமக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. காபைட்டில் மங்கலான செந்நிறத்தில் மிகக் குட்டையான பொறிதான் தோன்றும். ஆகவே எதுவும் எழவில்லை என்று கண் நம்பிவிடுகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய துகளின் அளவு ஏறத்தாழ 50 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்வது ஏறத்தாழ 4 மைக்ரோனுக்குக் குறைந்த துகள். எனவே மேசையில் படிந்த பொடியைக் கண்டு அஞ்சுவதை விட, படியாமல் மிதக்கும் பொடியைக் கருதி ஏற்பாடு செய்வதே சரி.

அளவை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். 40 பற்கள் கொண்ட ஓர் அலகில், ஒவ்வொரு பல்லின் முகமும் 3 மி.மீ. அகலமும் 8 மி.மீ. உயரமும் உடையது என்றும், அதிலிருந்து 0.1 மி.மீ. தீட்டி எடுக்கிறோம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்லுக்கு 2.4 கன மி.மீ., மொத்தம் 96 கன மி.மீ. காபைட் தண்ணீரை விடப் பதினான்கு மடங்குக்கு மேல் பாரமானது. ஆகவே ஏறக்குறைய 1.4 கிராம் பொடி. அதில் நூற்றுக்கு 6 பங்கு கோபால்ட் என்றால் 84 மில்லிகிராம். உங்கள் பட்டறையின் கொள்ளளவு ஏறத்தாழ 100 கன மீற்றர். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் கோபால்ட்டுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக வகுத்த எல்லை, கன மீற்றருக்கு 0.02 மில்லிகிராம். அதாவது உங்கள் பட்டறைக் காற்று முழுவதிலும் சேர்ந்து 2 மில்லிகிராம் கோபால்ட் மிதந்தாலே அந்த எல்லை எட்டப்படுகிறது. ஓர் அலகிலிருந்து வருவது அதைப் போல் நாற்பது மடங்குக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி கீழே விழுந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் நாற்பதில் ஒரு பங்கு மிதந்தாலே போதும் என்பதைக் கவனியுங்கள். கோபால்ட்டும் டங்ஸ்டன் காபைட்டும் சேர்ந்த தூசுக்கு அதே அமைப்பு பின்னர் 0.005 என்ற இன்னும் இறுக்கமான எல்லையை வகுத்திருக்கிறது. ஒரு நாளில் அயலவரின் அலகுகளையும் சேர்த்துப் பல அலகுகள் தீட்டப் போகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சோழகம் பற்றி ஒரு வார்த்தை. காற்று வீசும்போது தூசு பட்டறையை விட்டுப் போவது உண்மை. ஆனால் சில்லிலிருந்து புறப்பட்டுக் கதவை அடைவதற்கு முன்னர் அது தீட்டுபவரின் முகத்தைக் கடந்து போகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. முதுகில் காற்றுப் படும்படி ஒருவர் நின்றால், அவரது உடலைச் சுற்றி வரும் காற்று நெஞ்சுக்கு முன்னால் சுழன்று, சில்லடியில் எழும் தூசை மேலே முகத்துக்குத் தூக்கிவிடும். காற்று வலமிருந்து இடமாகவோ இடமிருந்து வலமாகவோ குறுக்கே போனால் அவ்வளவு மோசமில்லை. சோழகம் ஓய்ந்த மாதங்களில் அந்தச் சிறு உதவியும் கிடையாது.

இன்றியமையாதது எது என்று நெடுங்கேணி நண்பர் கேட்டார். தூசு பிறக்கும் இடத்திலேயே, சில்லுக்குப் பக்கத்திலேயே அதை நீராலோ உறிஞ்சு குழாயாலோ பிடித்துவிட வேண்டும். அதுதான் இன்றியமையாதது. பிடிபடாமல் தப்பும் மிச்சத்துக்குத்தான் முகக்கவசமும் திறந்த கதவும்.

மாங்குளம் தச்சர்

ஐயாவுக்கு மிக்க நன்றி. இதுவரை பட்டறையின் அளவைக் கொண்டு எவரும் எனக்கு இப்படிக் கணக்கிட்டுக் காட்டியதில்லை. நீரைப் பயன்படுத்துவதானால் எனக்குச் செலவு குறைவு. கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. நீர் சொட்டவிட்டால் மட்டும் போதுமா? உறிஞ்சு குழாய் வைப்பதானால், மரத்தூள் உறிஞ்சுவதற்கு ஏற்கனவே வைத்திருக்கும் இயந்திரத்தோடு இதையும் இணைத்துவிடலாமா?

கிளிநொச்சி கடைசல் பட்டறை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது ஆபத்தானது. மரத்தூள் உறிஞ்சும் இயந்திரத்தோடு சாணை இயந்திரத்தை ஒருபோதும் இணைக்க வேண்டாம். காபைட்டில் பொறி குறைவு என்றாலும், சில்லு அலகின் உருக்கு உடம்பில் பட்டால் நல்ல பொறி பறக்கும். அதில் ஒன்று பையிலுள்ள முதிரைத் தூளுக்குள் போய் அமர்ந்தால், நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போன பின்னர் புகைய ஆரம்பித்து, நள்ளிரவில் தீயாகும். அலுமினியம் தீட்டும் சாணையையும் இரும்பு தீட்டும் சாணையையும் ஒரே குழாயில் விடக் கூடாது என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்த இடத்தில் பொறி விழுந்தால் கடும் வெப்பத்துடன் எரியும்.

நாங்கள் கடைசல் இயந்திரத்துக்குரிய காபைட் முனைக் கருவிகளைத் தீட்டுகிறோம். எங்கள் ஏற்பாட்டை எழுதுகிறேன். தச்சுப் பட்டறைக்கும் பொருந்தும். சில்லின் கீழ்ப்புறத்தில், தூசு எறியப்படும் திசையைப் பார்த்தபடி, தகட்டால் செய்த ஒரு வாய் வைத்திருக்கிறோம். வேலைத் துண்டு உள்ளே போவதற்கு வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்க, மற்றப் பக்கங்கள் மூடியிருக்கின்றன. அதிலிருந்து 4 அங்குல நாகத்தகட்டுக் குழாய் போகிறது. பிளாஸ்ரிக் குழாய் வேண்டாம். பொறி அதை உருக்கும், தூசும் அதன் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வாயை எவ்வளவு கிட்ட வைக்கிறோம் என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அந்தக் குழாயின் விட்டத்தளவு தூரம் விலகினாலே, வாயில் இருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சும். 4 அங்குலக் குழாயின் வாயில் வினாடிக்கு 20 மீற்றர் வேகம் இருந்தால், 4 அங்குலம் தள்ளி 2 மீற்றர்தான்; ஒரு சாண் தள்ளினால் பெயருக்குத்தான் காற்று இருக்கும். அதேவேளை 5 அங்குலச் சில்லு நிமிடத்துக்கு 2800 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 18 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் எறியப்படும் தூசைத் தூரத்திலிருந்து இழுத்துப் பிடிக்க எந்த விசிறியாலும் முடியாது. அது வந்து விழும் வழியிலேயே வாய் இருக்க வேண்டும். வாயைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்தில் ஒரு தகட்டு விளிம்பு வைத்தால், பின்பக்கத்துக் காற்றை வீணாக இழுப்பது குறைந்து முன்பக்க இழுவை கூடும்.

அடுத்தது விசிறி. சுவரில் பூட்டும் இதழ் விசிறியை வாங்கிக் குழாயில் செருகிவிட்டு, இழுக்கவில்லை என்று குறைப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன். அது திறந்த வெளியில் காற்றைத் தள்ளத்தான் ஏற்றது. குழாயும் வடிகட்டியும் கொடுக்கும் எதிர்ப்பைத் தாங்காது. நத்தை வடிவ உறையுள்ள ஊதி, அதாவது கொல்லன் உலைக்குப் பூட்டும் மின் ஊதியின் இனம்தான் வேண்டும். அதன் உறிஞ்சும் பக்கத்தைக் குழாயோடு இணைக்க வேண்டும். 4 அங்குலக் குழாயில் வினாடிக்கு 20 மீற்றர் வேகம் என்பது மணிக்கு ஏறத்தாழ 585 கன மீற்றர் காற்று. உலோகத் தூசு குழாய்க்குள் படியாமல் ஓடுவதற்கு அந்தளவு வேகம் தேவை. ஊதி வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். குழாயைக் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் வையுங்கள்.

சில்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை நிறச் சிலிக்கன் காபைட் சில்லில் காபைட்டைத் தீட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மலிவானது, ஆனால் வேகமாகக் கரைந்து தானே தூசாகிவிடும். வைரச் சில்லில் சில்லுத் தூசு மிகக் குறைவு என்பதால், மாங்குளம் அண்ணை தொடக்கத்திலேயே நல்லதைத்தான் தெரிவு செய்திருக்கிறார். அந்தச் சில்லில் உளியையோ சீவுளி அலகையோ தீட்ட யாரையும் விட வேண்டாம். சூட்டில் வைரத்தின் கரிமம் இரும்போடு சேர்ந்து போய்ச் சில்லு பாழாகும்.

வவுனியா பயிற்றுநர்

நீர் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நீர் தூசை நன்றாக அடக்கும். ஆயினும் காபைட் விடயத்தில் அதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. கோபால்ட் நீரிலும் குளிர்விக்கும் திரவத்திலும் சிறிது சிறிதாகக் கரையும். ஒரே நீரை வாளியிலிருந்து பம்பியால் சுற்றிச் சுற்றி விட்டால், நாளாக நாளாக அதில் கோபால்ட் சேர்ந்துகொண்டே போகும். அந்த நீரைச் சில்லு தெறிக்கும்போது உண்டாகும் மெல்லிய தூவானம் மூக்குக்குள் போகும், கையில் பட்டால் தோல் தடித்துச் சொறியும். சில்லு வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் நீர் விடுவதானால், மேலிருந்து சொட்டாக விழுந்து கீழே தட்டில் சேரட்டும். அதைத் திரும்பவும் மேலே ஏற்ற வேண்டாம். சில்லுக்கு மேல் மூடி இருக்கட்டும். மின்னோட்டமும் நீரும் ஒரே இடத்தில் இருப்பதால், புவித்தொடுப்பும் மின்பொசிவைக் கண்டு துண்டிக்கும் ஆளியும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

தூசு மிகக் குறைவாக எழும் முறை ஒன்றும் உண்டு. முனை சிறிதளவே மழுங்கியிருக்கும்போது, அலகைக் கழற்றி மேசையில் இறுக்கி, சிறிய வைரத் தகட்டை நனைத்துக் கையால் ஒவ்வொரு பல்லின் முகத்திலும் சில முறை இழுத்துவிடலாம். பொடி அந்த ஈரத்திலேயே சேறாக நின்றுவிடும். நேரம் எடுக்கும் வேலைதான். ஆனால் இதைச் செய்து வந்தால் இயந்திரத்தில் ஆழமாகத் தீட்ட வேண்டிய தேவை தள்ளிப்போகும். அலகின் ஆயுளும் கூடும்.

நெடுங்கேணி மரக்காலை

பயிற்றுநர் ஐயாவின் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன், மறுக்க இடமில்லை. துணி போதும் என்று நான் எழுதியதை இனிச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஊதியும் குழாயும் வாங்கும் வரை ஒருவர் என்ன செய்வது? இயந்திரத்தை வெளியே கொண்டுபோய் மர நிழலில் வைத்துத் தீட்டுவது பிழையா? அதோடு, எந்த முகக்கவசம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடைகளில் பலவகை தொங்குகின்றன.

கிளிநொச்சி கடைசல் பட்டறை

வெளியே வைத்துத் தீட்டுவது மூடிய அறையை விட நிச்சயமாக நல்லது. காற்று உங்களுக்குக் குறுக்கே போகும்படி இயந்திரத்தைத் திருப்பி வையுங்கள். தூசு போய் விழும் திசையில் கிணறோ, அடுக்களையோ, பிள்ளைகள் விளையாடும் முற்றமோ இருக்கக் கூடாது. அதையும் கவசத்தோடுதான் செய்ய வேண்டும்.

கவசத்தில், கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் அணிந்த நீல நிறச் சத்திரசிகிச்சைக் கவசம் இதற்கு உதவாது. அதன் இரு ஓரங்களிலும் இடைவெளி இருக்கிறது. மூச்சு அதன் வழியாகத்தான் போகும். துணியும் அப்படியே. என்95 என்று பொறிக்கப்பட்டது, மிக நுண்ணிய 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் குறைந்தது நூற்றுக்கு 95ஐ வடிகட்டும். பி100 என்பது 99.97ஐ வடிகட்டும். காபைட்டுக்கு, இறப்பர் முகப்பில் இரு பக்கமும் பி100 வடிகட்டி திருகும் அரைமுகக் கவசத்தையே நான் சொல்வேன். முதலில் விலை கூட என்றாலும், வடிகட்டியை மட்டும் மாற்றிக்கொண்டு நெடுங்காலம் பயன்படுத்தலாம். எங்கள் வெயிலில் காகிதக் கவசம் வியர்வையில் நனைந்து தொய்ந்துவிடும். தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தோடு ஒட்டாது. இதை வேலை பழகும் தம்பிமாருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பொழுது பட்ட பின்னர் பட்டறை விளக்குகளை மங்கலாக்கி, ஒளிக்கற்றை ஒடுங்கிய வலுவான டோர்ச் ஒன்றைச் சில்லுக்குப் பின்னால், உங்கள் பக்கம் பார்த்தபடி வையுங்கள். நேரே டோர்ச்சைப் பார்க்காமல், அதன் முகப்பை ஒரு மட்டைத் துண்டால் மறைத்துக்கொண்டு, சற்றுப் பக்கத்தில் நின்று ஒருவர் தீட்டுவதைப் பாருங்கள். பகலில் வெறுமையாகத் தெரிந்த இடத்தில், சில்லின் அடியிலிருந்து வெள்ளைப் புகை நூலாக எழும்புவதும், தீட்டுபவரின் முழங்கையைச் சுற்றி நெஞ்சுப் பக்கம் ஏறுவதும், கழுத்தடியில் விரிந்து மிதப்பதும் தெளிவாகத் தெரியும். பிறகு ஊதியைப் போடுங்கள். அந்த நூல் அப்படியே வாய்க்குள் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் வாயை ஓர் அங்குலம் கிட்டக் கொண்டுபோய் மீண்டும் பாருங்கள். நாங்கள் எங்கள் வாயின் இடத்தை இப்படித்தான் தீர்மானித்தோம்.

முல்லைத்தீவு தாதிய உத்தியோகத்தர்

நான் பட்டறைத் தொழில் தெரிந்தவள் அல்ல. ஆனால் இந்த உரையாடலைப் பார்த்த பின்னர், நோயாளர் பக்கத்திலிருந்து சிலவற்றை எழுதுவது என் கடமை என்று படுகிறது.

கோபால்ட் தூசினால் வரும் நோய் ஒரே மாதிரித் தொடங்குவதில்லை. சிலருக்கு ஆஸ்துமா போல இழுப்பு. சிலருக்கு வறட்டு இருமலும், படி ஏறும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ மூச்சு வாங்குதலும். சிலருக்குக் கையிலும் கழுத்திலும் தோல் சொறி. ஒரே மூலையில் பல ஆண்டுகள் இருந்த ஒருவருக்கு எதுவும் வராமலும், அண்மையில் வந்து சேர்ந்தவருக்கு நோய் வந்தும் இருக்கலாம். உடலின் இயல்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் ‘அவருக்கு ஒன்றும் வரவில்லையே’ என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். டங்ஸ்டன் இல்லாமலும் இது வரும்: பெல்ஜியத்தில் கோபால்ட் கலந்த தட்டுகளில் வைரம் தீட்டியவர்களுக்கு இதே நுரையீரல் நோய் வந்தது 1980களில் பதிவாகியுள்ளது.

கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. வேலை நாள்களில் கூடும் இருமல், ஞாயிற்றுக்கிழமையோ பொங்கல் விடுமுறையிலோ குறைந்து, மீண்டும் பட்டறைக்குப் போனதும் திரும்பினால், அது வேலையோடு தொடர்புடையது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் தூசிலிருந்து விலகினால் பலர் தேறிவிடுவார்கள். நுரையீரலில் தழும்பு விழுந்த பிறகு விலகினாலும் அது மாறாது.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் எமது பகுதியில் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் உண்டா என்று பார்ப்பார்கள், அது அவசியமானது. ஆனால் சளியில் எதுவும் இல்லை என்று வந்ததும் அத்தோடு நின்றுவிட வேண்டாம். ‘நான் காபைட் தீட்டுகிறேன், அதில் கோபால்ட் இருக்கிறது’ என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். தொழில் என்ன என்ற கேள்விக்கு ‘மேசன்’, ‘தச்சு’ என்று ஒரு சொல்லில் பதில் சொன்னால் இந்தத் தூசு அவர் மனத்துக்கு வராது. தொடக்க நிலையில் மார்புப் படம் தெளிவாகவே இருக்கலாம். ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை அதைவிட முன்னரே காட்டக்கூடும். வேலை பழக வரும் இளைஞர்களுக்கு, சாணை மூலையில் அமர்வதற்கு முன்னரே அந்தப் பரிசோதனையை ஒருமுறை செய்து தாளைப் பத்திரப்படுத்தினால், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சாணை மூலையில் தேநீர் குடிப்பதையும், வெற்றிலை போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வேலை உடுப்பைப் பட்டறையிலேயே கழற்றி, வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.

ஒட்டுசுட்டான் கொல்லர்

வணக்கம். எங்கள் கம்மாலையில் காபைட் என்ற பேச்சே இல்லை. கோடரி, காட்டுக்கத்தி, மண்வெட்டி, அரிவாள், கள்ளுக்குப் பாளை சீவும் பாளைக்கத்தி என்பவற்றைத்தான் தோய்ந்து தீட்டிக் கொடுக்கிறோம். தகப்பனார் காலத்து மணற்கல் சாணை ஒன்றும், மின்சாரச் சாணை ஒன்றும் உள்ளன. பாளைக்கத்தி தீட்டும் பலகைக்கு வெள்ளைக்கல்லை இடித்து அரித்துப் பொடி எடுக்கிறோம். எங்களுக்கும் இதில் கவலைப்பட ஏதாவது உண்டா?

வவுனியா பயிற்றுநர்

உண்டு ஐயா, உங்கள் கேள்வி இந்த உரையாடலிலேயே மிகப் பழைய பகுதியைத் தொடுகிறது. மணற்கல்லிலும் வெள்ளைக்கல்லிலும் இருப்பது படிகச் சிலிக்கா. அதன் நுண்தூசு நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இங்கிலாந்தின் செஃபீல்ட் நகரில் 19ஆம் நூற்றாண்டில் கத்தியும் முள்ளுக்கரண்டியும் மணற்கல் சில்லுகளில் தீட்டியவர்கள் இதனால் இளவயதிலேயே இறந்தார்கள். நீரில்லாமல் உலர் கல்லில் தீட்டியவர்களின் நிலைதான் எல்லோரையும் விட மோசமாக இருந்தது. இந்நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றும்.

உங்கள் மணற்கல் சாணை கையால் மெதுவாகச் சுற்றப்படுவதும், அடியில் தண்ணீர்த் தொட்டி இருப்பதும் ஆனால் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. கல் எப்போதும் நனைந்திருக்கட்டும், உலர்ந்த கல்லை ஒருபோதும் சமன்செய்ய வேண்டாம். எனக்குக் கவலை தருவது வெள்ளைக்கல்லை இடித்து அரிப்பதுதான். அரிக்கும்போது எழும் அந்த வெண்தூசு கிட்டத்தட்ட முழுவதும் சிலிக்கா. கல்லை நனைத்து இடித்து, தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டுப் பொடியை ஈரமாகவே எடுங்கள். முடியுமானால் அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் அலுமினியம் ஒக்சைட் பொடிக்கு மாறிவிடுங்கள்.

மின்சாரச் சாணையில் இப்போது வருவன பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட் சில்லுகள். அவற்றில் சிலிக்கா ஆபத்து மிகக் குறைவு. வெறும் உருக்கின் தூசும் காபைட் அளவுக்குக் கொடியதல்ல. எனினும் உறையைக் கழற்றிவிட்டு வேலை செய்வது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. உறை சில்லு வெடித்தால் மட்டும் காப்பதன்று. அது இருந்தால்தான் தூசும் ஒரு பக்கமாகப் போகும், அதன் பின்னால் குழாயும் பூட்டலாம். கருவியைத் தாங்கும் தட்டுக்கும் சில்லுக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி விட வேண்டாம்.

சட்டம் பற்றியும் ஒருவராவது குறிப்பிட வேண்டும். இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தூசு எழும் வேலையில் அதைத் தொழிலாளர் உள்ளிழுக்காதபடி தடுக்கும் பொறுப்பு அதன்படி வேலை கொடுப்பவருடையது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென்றே 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு தேசிய நிறுவகமும் அமைக்கப்பட்டிருக்கிறது. எமது மாவட்டங்களில் தொழிற்பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு இவை பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும் என்பது என் நீண்டகால விருப்பம்.

மாங்குளம் தச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஊதிக்கும் தகட்டு வேலைக்கும் விலை கேட்டிருக்கிறேன். அது வந்து பூட்டும் வரை இயந்திரத்தை மூடிவைத்து, கையால் வைரத் தகட்டில் மட்டும் தீட்டுவதாகத் தீர்மானித்துவிட்டோம். கடைசியாக ஒன்று: ஊதியிலிருந்து வெளியேறும் காற்றை எங்கே விடுவது? பிடித்து வைத்த தூசையும் சேற்றையும் என்ன செய்வது? பட்டறைக்குப் பின்னால் வாழையும், அதற்கு அப்பால் கிணறும் இருக்கின்றன.

கிளிநொச்சி கடைசல் பட்டறை

வெளிப்போக்கைக் கிணற்றுப் பக்கம் விட வேண்டாம். தென்மேற்குப் பார்த்தும் வைக்க வேண்டாம், சோழகத்தில் அத்தனையும் திரும்பி உள்ளே வரும். எங்கள் பட்டறையில் குழாய் முதலில் ஒரு மூடிய தகரப் பீப்பாய்க்குள் பக்கவாட்டில் நுழைகிறது. அங்கே காற்று சுழன்று பாரமான தூசும் பொறியும் அடியில் விழுந்துவிட, மேலால் வரும் காற்று நுண்தூசையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஒன்றைக் கடந்து, கூரை விளிம்புக்கு மேலே வடக்குப் பக்கமாக வெளியேறுகிறது. ஊதியை வடிகட்டிக்குப் பின்னால் வைத்தால் அதன் இதழ்களும் தேயாது.

மேசையையும் நிலத்தையும் விளக்குமாற்றால் கூட்டவோ, கம்பிரசரால் ஊதவோ கூடாது. நாள் முழுதும் பிடித்ததை ஒரு நிமிடத்தில் திரும்பக் காற்றில் ஏற்றிவிடுவீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டு வக்கூம் கிளீனர் நுண்தூசைப் பின்பக்கத்தால் வெளியே விட்டுவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதாயின் பரவாயில்லை. பீப்பாயைத் திறக்கும் நாளில் கவசமும் கையுறையும் அணிந்து, உள்ளே சிறிது தண்ணீர் தெளித்த பிறகே அள்ளுங்கள்.

சேறும் தூசும் துடைத்த துணியும் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் சேரட்டும். வாளியில் ‘காபைட், கோபால்ட்’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். வாழையடியிலோ, கானிலோ, குப்பைக் குழியிலோ கொட்ட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். டங்ஸ்டன் விலை கூடிய உலோகம் என்பதால் உடைந்த பற்களுக்கும் தேய்ந்த முனைகளுக்கும் பழைய இரும்பு வாங்குவோரில் சிலர் தனி விலை தருகிறார்கள். சேறு அளவில் குறைவு. உடைந்த பற்கள் சேரும் வரை அதையும் வாளியில் மூடி வைத்திருந்து, எடுத்துக்கொள்வாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பழைய அலகிலிருந்து பல்லைச் சூடாக்கிக் கழற்றுவதானால் மட்டும் திறந்த வெளியில், காற்று குறுக்கே போகும்படி நின்று செய்யுங்கள். பல்லை அலகில் ஒட்டப் பயன்படும் பழைய வெள்ளிப் பற்றாசுகள் சிலவற்றில் கட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருக்கும், அதன் புகை இந்தத் தூசை விட வேகமாக ஆளை விழுத்தும்.